நெல் இலையின் பச்சை சொல்லும் யூரியா கணக்கு

பக்கத்து வயல் கரும்பச்சையாகத் தெரிந்தால், தன் வயலிலும் யூரியாவைக் கூடுதலாக வீசுவது பல ஊர்களில் வழக்கம். சில நாட்களில் பயிர் கருத்து நிற்கும். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வருவது இத்தகைய வயலைத்தான். கதிர் முற்றும் சமயத்தில் பயிர் சாய்வதும் உண்டு. இலையின் நிறத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நிறம் மாறுவது ஏன்?

இலைக்கு நிறம் தருவது பச்சையம். அது உண்டாகத் தழைச்சத்து தேவை. சூரிய ஒளியில் உள்ள சிவப்பையும் நீலத்தையும் பச்சையம் மிகுதியாக உறிஞ்சிக் கொள்கிறது. பச்சை ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுவதால், திரும்பி வரும் பச்சை நம் கண்ணில் படுகிறது. பச்சையம் குறைந்த இலையில் சிவப்பு ஒளியிலும் ஒரு பங்கு தப்பி வருகிறது. அது பச்சையோடு சேர்ந்து மஞ்சளாகத் தோன்றுகிறது. பச்சையம் கூடினால் பச்சை ஒளியும் குறைவாகவே திரும்பும், இலை கருக்கிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. வாளித் தண்ணீரில் முதல் நாலு சொட்டு நீலம் விட்டால் நிறம் உடனே மாறும். நன்றாகக் கருத்த பிறகு மேலும் நாலு சொட்டு விட்டாலும் வித்தியாசம் தெரியாது. இலையும் அப்படித்தான். வெளிறினால் பசி என்று தெரியும். கருத்த பிறகு, எவ்வளவு மிஞ்சியது என்பதைக் கண்ணால் அறிய முடியாது.

இலை வண்ண அட்டை

பசியைக் கணக்காகப் பார்க்க உதவுவது இலை வண்ண அட்டை. ஜப்பானில் தோன்றிய இம்முறையைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990-களில் எளிமையாக்கியது. ஆறு பட்டைகள் கொண்ட அட்டையில் எண் 1 மஞ்சள் கலந்த பச்சை. எண் 6 கரும்பச்சை. நான்கு பட்டை அட்டைகளும் உண்டு.

பார்க்கும் முறை

நட்ட 14-ஆம் நாள் தொடங்கிப் பூக்கும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். வயலில் பரவலாக, நோயில்லாத 10 குத்துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மேலே முழுதாக விரிந்த இளம் இலையைப் பறிக்காமல், அதன் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து ஒப்பிட வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள், இலையில் நேர் வெயில் படாதபடி உடம்பால் நிழல் கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஆள் மாறினால் கணக்கும் மாறும்.

வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் எண் 4 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் அளவு. பத்தில் ஆறு இலைகளாவது இதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் இட வேண்டும். வெயில் காலப் பயிருக்கு ஏக்கருக்கு 14 கிலோ தழைச்சத்து, அதாவது சுமார் 30 கிலோ யூரியா போதும். மழைக்காலப் பயிருக்கு 12 கிலோ, அதாவது 26 கிலோ யூரியா. நிறம் சரியாக இருந்தால் அந்த வாரம் உரம் வேண்டாம்.

எச்சரிக்கை

மஞ்சள் எல்லாம் தழைச்சத்துக் குறை அல்ல. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடி இலை வெளுக்கும். குருத்து இலை வெளுத்தால் இரும்பு அல்லது கந்தகக் குறையாக இருக்கலாம். துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் துத்தநாகக் குறையின் அடையாளம். இவற்றுக்கு யூரியா மருந்தாகாது. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களையும் மண் பரிசோதனைப்படி இட்டு வர வேண்டும்.

பக்கத்து வயலைப் பார்த்து உரம் போடுவதை விட்டு, தன் வயலின் இலையைப் பார்த்துப் போடுகிறவருக்கு உரச்செலவும் மருந்துச் செலவும் மிச்சமாகும்.