சிறிய கலியாணம் சிறிய வேலையல்ல

சில வருடங்களுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதத்தில், என் தங்கையின் மகளுக்குக் கொழும்பில் ஓர் உணவகத்தில் கலியாணம் நடந்தது. மண்டபம் இல்லை, மேடை இல்லை. இரு வீட்டாருமாக 40 பேர்தான். படம் பிடிக்க வந்த தம்பி 80,000 ரூபா கேட்டார். “நாற்பது பேருக்கு என்னத்துக்குத் தம்பி எண்பதாயிரம்?” என்று பேரம் பேசி அதனைப் பாதியாக இறக்கியவன் நானேதான். வியாபாரியின் பழக்கம் விடுமா?

அல்பம் வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. நடுப்பகலில் முற்றத்தில் வைத்து எடுத்த குடும்பப் படத்தில் எல்லோருடைய கண்களும் குழி விழுந்தாற்போல் கறுத்திருந்தன. உள்ளே எடுத்த படங்களில் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். மூலையில் கதிரையில் அமர்ந்திருந்த என் உம்மாவின் முகம் அந்த முற்றத்துப் படத்தில் மாத்திரமே உண்டு. அவ்வருடமே உம்மா வபாத்தானார்.

அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தலை எண்ணிக்கையை வைத்து வேலையை மதிப்பிட்டது எனது பிழை. அதனை ஒப்புக்கொண்டது அவரது பிழை.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020, 2021 கொரோனா காலத்தில் விருந்தினர் தொகைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 வரை ஏறியது. செலவுக்குப் பயந்து சிறிதாகச் செய்யத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். இன்று விரும்பியே அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். கோட்டையில் ஒல்லாந்தர் கால வைத்தியசாலைக் கட்டடம் 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்த அல்பிரட் ஹவுஸ் வீதி இல்லமும் இன்று உணவகம்தான். முற்றமும் மங்கிய விளக்குமாக இருக்கும் இத்தகைய இடங்களை இளம் சோடிகள் விரும்புவதில் ஆச்சரியமில்லை. ஆனால் கண்ணுக்கு இதமான அந்த மங்கிய வெளிச்சம்தான் கமராவுக்குப் பெரிய சோதனை.

இத்துறையில் கால் வைத்திருக்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியவற்றை, அனுபவமுள்ள புகைப்படப்பிடிப்பாளர்களிடம் கேட்டறிந்தபடி தருகிறேன்.

முதலாவது, இடத்தை முன்கூட்டியே பார்த்தல். கலியாணம் நடக்கும் அதே நேரத்துக்கு, ஒரு வாரம் முந்திப் போய்ப் பாருங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், கூரை வெள்ளையா மரமா, எந்தெந்த விளக்குகளை அணைக்கலாம், அன்று வேறு வாடிக்கையாளரும் இருப்பார்களா என்று முகாமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக் கூரையானால் பிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம்; வெளிச்சம் மென்மையாகி இறங்கும். மரக் கூரையானால் அதன் நிறமே முகத்தில் விழும்.

இரண்டாவது, நேரம். ஏப்ரல் முதல் வாரத்தை அண்டிக் கொழும்பில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செப்டெம்பர் தொடக்கத்திலும் அப்படியே. அந்த வெயிலில் நெற்றியின் நிழல் கண்ணில் விழாமல் இருக்காது. காவின் லுஹரை அடுத்து வைத்தால் குடும்பப் படத்தைத் தாழ்வாரத்து நிழலில் எடுங்கள். அஸருக்குப் பின் என்றால் மாலை ஐந்து மணியை ஒட்டி முற்றத்தில் எடுக்கலாம். ஏப்ரலில் ஆறேகால் அளவில் சூரியன் மறைந்துவிடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே உள்ள முற்றத்தில் வெளிச்சம் அதற்கு முன்பே போய்விடும்.

மூன்றாவது, உள்வெளிச்சம். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5,500 கெல்வின். உணவகத்து மஞ்சள் விளக்கு 3,000 கெல்வினுக்கும் குறைவாக இருக்கலாம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எங்கள் அல்பத்தின் கதிதான். ஜன்னலோரத்தில் படம் எடுக்கும்போது அருகிலுள்ள விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். அல்லது திரையை இழுத்து விளக்கை மட்டும் நம்புங்கள். சில எல்ஈடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் படத்தில் கோடு விழும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/100 செக்கனில் வைத்தால் பெரும்பாலும் அது தவிர்ந்துவிடும். அதிக வெளிச்சத்தை உள்வாங்கும் 1.8 அளவு லென்ஸ் ஒன்று கைவசம் இருப்பது அவசியம்.

நான்காவது, குளிரூட்டி. குளிர் அறையிலிருந்து கமராவை வெளியே கொண்டுவந்ததும் கொழும்பின் ஈரக்காற்றில் லென்ஸ் மூடுபனி பிடித்தாற்போல் ஆகிவிடும். வெளியே எடுக்கவேண்டிய படங்களுக்குச் சுமார் 20 நிமிடம் முந்தியே, மூடிய பையோடு கமராவை வெளியே வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது, பெயர்ப் பட்டியல். 400 பேர் கலியாணத்தில் ஒரு முகம் தவறினால் தெரியாது. 40 பேரில் தவறினால் என்றென்றைக்கும் தெரியும். வாப்பா, உம்மா, மூத்தம்மா, நடக்க இயலாதவர்கள் யார் யார் என்று வீட்டாரிடம் எழுதி வாங்குங்கள். வயோதிபர்களை முதலில், அவர்கள் களைப்படைய முன் எடுத்துவிடுங்கள்.

ஆறாவது, நம்பிக்கை. யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக்கூடாது, எந்தப் படத்தை முகநூலில் போடலாம் என்பதை முற்பணம் வாங்கும்போதே எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் பகுதிக்குப் பெண் புகைப்படப்பிடிப்பாளரையே விரும்பும் குடும்பங்கள் நம்மிடையே பல. நமது சகோதரிகளுக்கு இது நல்லதொரு தொழில் வாய்ப்பு. அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் பிரதி செய்து வைக்காமல் உறங்கச் செல்ல வேண்டாம். வேறு எந்தச் சரக்கு பழுதானாலும் மாற்றிக் கொடுக்கலாம். இதை மாற்றிக் கொடுக்க முடியாது.

இனி விலைக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கமரா, லென்ஸ், பிளாஷ் எல்லாம் 9 இலட்சம் ரூபா என்று வைப்போம். மூன்று வருடத்தில், வருடம் 30 கலியாணம் வீதம் 90 கலியாணம். ஒன்றுக்குத் தேய்மானம் 10,000. உதவியாளுக்கு 6,000, போக்குவரத்துக்கு 4,000, அல்பத்துக்கு 15,000. மொத்தச் செலவு 35,000. கலியாணத்தன்று 4 மணித்தியாலம், இடம் பார்க்க 2, படம் தெரிந்து திருத்த 14, ஆக 20 மணித்தியால உழைப்பு.

80,000 வாங்கினால் மிஞ்சுவது 45,000. மணித்தியாலத்துக்கு 2,250. 40,000 வாங்கினால் மிஞ்சுவது வெறும் 5,000. மணித்தியாலத்துக்கு 250. நான் விலையில் பாதியைத்தான் குறைத்தேன். அவருடைய வருமானத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கு போய்விட்டது. அப்படியிருக்க, இடம் பார்க்க அவர் எப்படி வருவார்?

இக்கணக்கில் எங்காவது விருந்தினர் தொகை வருகிறதா? பெரும்பாலான செலவு 40 பேருக்கும் 400 பேருக்கும் ஒன்றுதான். ஆகவே, தொழில் செய்யும் தம்பிமார் தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்ல வேண்டாம். பேரம் கட்டாத இடத்தில், அல்பத்தைப் பிறகு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அந்த 15,000ஐக் குறையுங்கள். இடம் பார்க்கும் இரண்டு மணித்தியாலத்தைக் குறைக்க வேண்டாம்.

கலியாண வீட்டாருக்கும் ஒரு சொல். சாப்பாட்டில் ஒரு வகையைக் குறைத்தால் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. நான் மிச்சம் பிடித்த 40,000 ரூபா எதற்குப் போனதென்று இன்று எனக்கு நினைவில்லை. அந்த முற்றத்துப் படத்தை மாத்திரம் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.