பனியன் துணி பழகிய கை

கார் பானெட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் ‘டக்’கென்று கேட்டது. காற்று வாங்குவதற்காக எழுப்பிய மேட்டின் விளிம்பில் தட்டினால் ‘பொத்’தென்றது. இதை எழுதுகிறவருக்கு அந்தச் சத்தத்தின் விலை மூன்று மீட்டர் கார்பன் ஃபைபர் துணி, ஒரு கிலோ எபாக்ஸி, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்.

திருப்பூரில் இருபது வருடம் கட்டிங் மாஸ்டராக நின்றவர் அவர். துணி விஷயத்தில் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில் பாதி சரி.

கார்பன் ஃபைபர் நூல்காரர்களுக்கு அந்நியமான பொருள் அல்ல. 1879-இல் எடிசன் மின்விளக்குக்காகக் கருக்கிய இழைகளில் பருத்தித் தையல் நூலும் ஒன்று. இன்று விற்கும் கார்பன் இழையில் மிகப்பெரும் பங்கு பாலிஅக்ரிலோநைட்ரைலிலிருந்து வருகிறது. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலுக்கும் அதுதான் மூலம். அதைக் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை பக்குவப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் படாமல் 1000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மிஞ்சும் இழையின் தடிமன் ஏறக்குறைய 7 மைக்ரான். அப்படி 3000 இழைகள் சேர்ந்த கற்றைதான் கடையில் ‘3கே’ என்று சொல்லப்படுவது. வீட்டு வேலைக்கு 200 ஜி.எஸ்.எம். ட்வில் நெசவு போதும். கம்பெனியில் ஜி.எஸ்.எம். கட்டர் இருக்கும். துணி வாங்கியதும் ஓரத்தில் ஒரு வட்டம் வெட்டி எடை போட்டால் 2 கிராம் காட்ட வேண்டும். குறைந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

‘கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் இதே மாதிரிதானே இருக்கும்?’ என்று கேட்ட நண்பர்கள் உண்டு. 1981-இல் ஜான் பர்னார்டு வடிவமைத்த மெக்லாரன் எம்.பி.4/1, கார்பன் ஃபைபர் உடற்கூட்டோடு ஃபார்முலா ஒன் களத்துக்கு வந்தபோதும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அதே வருடம் மொன்சாவில் அந்தக் கார் பெரிய விபத்தில் சிக்கியது. ஓட்டிய ஜான் வாட்சன் நடந்து வெளியே வந்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கோவையில் பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன்தான் மாருதி 800 என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995-இல் அவர் மறைந்தார். செட்டிபாளையம் பந்தயத் தளம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. துணிக்காரர்களுக்குக் கார் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கலாம்.

மோல்டு எடுப்பதில் பெரிய சங்கதி இல்லை. பழைய மாருதி 800 பானெட்டில் மரத்தாலும் பட்டியாலும் மேடு கட்டி, வாக்ஸ் தேய்த்து, ஃபைபர் கிளாஸில் அச்சு வார்த்தால் முடிந்தது.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. வெளியே மேடாகத் தெரிவது மோல்டுக்குள் பள்ளம். அந்தப் பள்ளத்தின் அடிமூலையில் துணி படியாமல் எழும்பி எழும்பி நின்றது. பக்கத்தில் நின்ற ஃபைபர் வேலைக்காரர் சொன்னார்: “நல்லா இழுத்து ஒட்டுங்க மாஸ்டர், தானாப் படிஞ்சிருமுங்க.” பனியன் துணி பழகிய கை சந்தோஷமாக இழுத்தது.

சிங்கிள் ஜெர்சி இழுத்தால் வருகிறது, ஏனென்றால் அது கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. நூல் நீளாவிட்டாலும் கண்ணி நீளும். கார்பன் நெய்த துணி. அதில் விட்டுக்கொடுக்கக் கண்ணி கிடையாது. இழையோ ஒன்றரை, இரண்டு சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். அந்தத் துணி வளைய ஒரே வழிதான் உண்டு: பாவும் ஊடும் ஒன்றன்மேல் ஒன்று சாய வேண்டும், கடையின் மடக்குக் கதவு சுருங்குவதைப் போல. ஓரத்தைப் பிடித்து விறைப்பாக இழுத்தால் துணி பள்ளத்தின் மேல் பாலம் கட்டிவிடும். பிரஷ்ஷால் குத்தினால் படியும். கையை எடுத்ததும் எழும்பும். அடியில் வெறும் ரெசினும் காற்றும் தங்கும். அப்படித் தங்கிய இடம்தான் சித்திரை வெயிலில் கொப்புளித்து, ஒரு வாரத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு சில்லாகப் பெயர்ந்தது.

யோசனை சொன்னவர் இன்றும் ரெசின்மேல் பழி போடுகிறார். ரெசின் சரியாகத்தான் இறுகியிருந்தது. அவர் பழகியது ஃபைபர் கிளாஸ் மேட். பாலியஸ்டர் ரெசின் பட்டதும் பசை கரைந்து அந்த மேட் மூலைக்குள் தானே சரியும். அந்த அனுபவம் நெய்த துணிக்குச் செல்லாது.

இரண்டாவது முறை மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை. முதலில் பள்ளத்தின் அடிமூலையில் துணியைத் தளர்வாக இறக்கி, விரலால் அழுத்தி, அங்கிருந்து வெளிப்பக்கமாகப் படிய வைத்தார். நெசவை 45 டிகிரி சாய்த்து வெட்டினார். அப்படியும் படியாத இடத்தில், கழுத்து வளைவுக்கு நாட்ச் போடுவதுபோல வெட்டு கொடுத்து, ஓர் அங்குலம் மேலேற்றி இன்னொரு துண்டு வைத்தார். ஓரம் பிரியாமலிருக்க வெட்டும் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எபாக்ஸிக்கு ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகச் சேர்த்தால் கடைசிவரை மெத்தென்றே இருக்கும். டப்பாவில் சொன்ன விகிதத்தை எடை போட்டே கலக்க வேண்டும். திருப்பூர் வெயிலில் ஆழமான டம்ளரில் கலந்தால் அது தானே கொதித்துவிடும். அகலமான தட்டில் பரப்பி, காலை ஏழு மணிக்குள் வேலையை ஆரம்பிப்பது நல்லது.

கம்பெனி கட்டிங் டேபிளில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். கார்பன் தூள் மின்சாரம் கடத்தும். பக்கத்துத் தையல் மெஷினின் மோட்டாருக்குள் போனால் ஷார்ட் ஆகும். மொட்டை மாடியில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், முகத்தில் என்95 மாஸ்க்கோடு. கீல் பொருந்தும் இடத்தில் கார்பன் இரும்பைத் தொட்டபடி ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். நடுவே ஓர் அடுக்கு கிளாஸ் துணி கொடுத்தால் தப்பிக்கும். பழைய பூட்டை மட்டும் நம்பாமல் இரண்டு பானெட் பின் மாட்டுவது அவசியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துவதால், சாலையில் ஓட்டும் காருக்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிய பானெட்டின் மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் இரண்டு பூச்சு ஏறியிருக்கிறது. அது இல்லாவிட்டால் எபாக்ஸி மஞ்சளாகிவிடும். மேட்டின் விளிம்பைச் சுற்றி அதே நாணயத்தால் தட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் ‘டக்’.