உம்மாவின் தோள்மூட்டு

கடந்த வருடம் ஒரு காலை, பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என்னை உம்மா அறைக்குள் கூப்பிட்டார். "மகள், இந்த முடியக் கொஞ்சம் கட்டி விடுங்க" என்றார். வலது கை தலைக்கு எட்டவில்லை. தொழுகையில் தக்பீர் சொல்லும்போதும் இடது கை மட்டுமே காதுவரை உயர்வதை அதன் பிறகுதான் கவனித்தேன். மூன்று மாதங்களாக நோவு இருந்திருக்கிறது. கைக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி, எண்ணெய் மட்டும் பூசிக்கொண்டு எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். கை மேலும் இறுகிப்போனது.

பரிசோதித்த வைத்தியர் இதை 'உறைந்த தோள்' என்றார். பெரும்பாலும் 40 முதல் 60 வயது வரையானவர்களுக்கு வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அதிகம். உம்மாவுக்குச் சீனி வருத்தமும் உண்டு.

தோள் ஒரு பந்துக் கிண்ண மூட்டு. உடலில் மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டும் இதுவே. அதைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கையை உயர்த்தும்போது விரிந்து கொடுப்பதற்காக அந்த உறை தளர்வாக இருக்கும். இந்த நோயில் உறை அழற்சியடைந்து, தடித்துச் சுருங்கிவிடுகிறது. நோவுக்குப் பயந்து அசைக்காமல் விட்டால் இறுக்கம் இன்னும் கூடும். ஆகவே மருந்துடன் அளவான அசைவும் தேவை.

இயன்மருத்துவர் உம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சிகள் இவை. தொடங்குமுன் பத்து நிமிடம் தோளுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சூடு சரியாக உணரப்படாமல் போகலாம் என்பதால், துவாயின் சூட்டை நான்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன்.

முதலாவது, ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றி, முன்னால் குனிந்து, நோவுள்ள கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்ட வேண்டும். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து.

இரண்டாவது, சுவரில் விரல்நடை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டுபோல மேலே நடத்த வேண்டும். எட்டிய இடத்தில் சற்று நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும்.

மூன்றாவது, தடிப் பயிற்சி. எங்கள் வீட்டில் தும்புத்தடியின் பிடியைக் கழற்றி எடுத்தோம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடித்து, தடியை இரு கைகளாலும் பிடித்து, நல்ல கையால் மற்றக் கையை வெளிப்புறமாகத் தள்ள வேண்டும்.

இழுவை தெரியலாம், குத்தும் நோவு வந்தால் நிறுத்திவிட வேண்டும். பிறர் கையைப் பிடித்துப் பலமாக இழுக்கக் கூடாது. விழுந்த பின் வந்த நோவு, காய்ச்சலோடு வீங்கிச் சிவந்த மூட்டு என்பவற்றுக்கு வைத்தியரிடம் காட்டாமல் பயிற்சி செய்யக் கூடாது. நெஞ்சு நோவோடு கையும் நொந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த நோய் குணமாக ஒரு வருடம் முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். உம்மா இரண்டாம் வாரமே சலித்துவிட்டார். சமையல் முடிவதில்லை, நேரமில்லை என்றார். அதனால் இஷாவுக்குப் பிறகு நானும் பக்கத்தில் நின்று எண்ணத் தொடங்கினேன். விரல் எட்டும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தோம். சில வாரங்களில் கோடு அசையவே இல்லை. ஆறு மாதத்தில் ஒரு சாண் உயர்ந்தது. முதுகுப்பக்கம் கை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் முடியை அவரே கட்டுகிறார்.

தோழியரே, நம் உம்மாமார் நோவைச் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் இரு கைகளையும் உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கை தயங்கினால், மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.

க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு