மலேரியாவும் கணிதமும்

கணிதம் தேர்வுத் தாளோடு முடிந்துவிடும் பாடம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உயிர்காக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு என்பதை மலேரியாவின் வரலாற்றில் காணலாம்.

1897-இல் சிகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தவர் ரொனால்டு ராஸ். கொசுக்களை முற்றிலும் அழிக்க இயலாதபோது நோயை எவ்வாறு ஒழிப்பது என்ற ஐயத்திற்கு அவர் கணக்கின் வழியே விடை கண்டார். கொசுக்களின் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினாலே போதும். நோய் தானே தேயும் என்றார். 1911-இல் இதற்குச் சமன்பாடுகளையும் அமைத்தார்.

அவர் வழிவந்த ஜார்ஜ் மக்டொனால்டு, 1950-களில் இக்கணக்கை மேலும் விரித்தார். நோயே இல்லாத ஊருக்குள் வரும் ஒரு நோயாளியால் எத்தனை பேருக்கு நோய் தொற்றும்? இதனைப் பரவல் எண் எனலாம். அது 1-க்கு மேற்பட்டால் நோய் பெருகும், குறைந்தால் மறையும்.

நோயாளியைக் கடித்துக் கிருமியைப் பெற்ற கொசு, கிருமி முதிரும்வரை ஏறத்தாழ 10 நாள்கள் உயிரோடிருந்து, பின் வேறொருவரைக் கடிக்க வேண்டும். நாள்தோறும் பத்துக்கு ஒன்பது கொசுக்கள் பிழைத்தால், பத்து நாள் கழித்து நூற்றுக்கு 35 எஞ்சும். பத்துக்கு எட்டு பிழைத்தால் 11 மட்டுமே எஞ்சும். கொசுவின் வாழ்நாளைச் சற்றே குறைத்தாலும் பயன் பன்மடங்காகும். வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிப்பதன் நுட்பம் இதுவே.

இக்கணக்கின் மறுபக்கத்தை இலங்கையில் காண்கிறோம். 1934–35-இல் அங்கு மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. பின்னர் டி.டி.டி. தெளிப்பால் 1963-இல் நோயாளிகள் வெறும் 17 பேராகக் குறைந்தனர். வெற்றி கிட்டியதென்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968–69-இல் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

இது எவ்வாறு நேர்ந்தது? குறைந்தது நோயாளிகளின் எண்ணிக்கையே. பரவல் எண்ணை அடக்கி வைத்திருந்தது தெளிப்பு. அது நின்றதும் பரவல் எண் மீண்டும் 1-ஐத் தாண்டியது. எடுத்துக்காட்டாக, ஒருவர் இருவருக்கு நோயைத் தந்தால், 17 என்பது பதினைந்தே சுற்றுகளில் 5,57,056 ஆகிவிடும்!

இப்பாடத்தை உணர்ந்த இலங்கை, பல்லாண்டுகள் முயன்று 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. ஆயினும் கொசு அங்கு இன்றும் உண்டு. எனவே காவலும் தொடர்கிறது. நோயாளிகள் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நில்லாமல், நோய் பரவும் வாய்ப்பையும் அளந்தறிவதே அறிவுடைமை. அந்த அளவுகோலை நமக்குத் தருவது கணிதமே.