உறைமோர் பேணல்

பாலைத் தயிராக்கும் சிறுதுளியை நம் தாய்மார் உறைமோர் என்றும் பிரை என்றும் வழங்குவர். 'உறை' என்னும் இச்சொல் பெரும்பாணாற்றுப்படையிலேயே தயிரோடு சார்ந்து வருதலின், இத்தொழிலின் பழமை புலனாகும். நாள்தோறும் அடுக்களையில் நிகழ்வதாயினும், இதன் காரணத்தை மாணவராகிய நம்மிற் பலர் ஆராய்ந்திலோம்.

உறைமோர் வெறும் புளிப்புப் பொருளன்று, உயிர்த்திரள். அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை ஆக்குகின்றன. அவ்வமிலத்தால் பாலின் புரதம் திரண்டு தயிராகின்றது. இப்புளிப்பு உயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857-இல் விளக்கினார். மேனாட்டார் ரொட்டிக்கென வைத்திருக்கும் புளித்தமாவும் இதற்கு இனமே. அதில் ஒரு பங்கை எடுத்து, அதே எடையுள்ள மாவும் நீரும் சேர்த்து ஊட்டுவர். ஆங்கு ஈஸ்ட்டும் உடன்வாழ்ந்து காற்றை வெளியிட்டு மாவை உப்பச் செய்யும். எகிப்தினின்று விரைந்து புறப்பட்ட இஸ்ரவேலர் புளியாத மாவையே சுமந்து சென்றனர் என யாத்திராகமம் கூறும். புளிப்பிற்குக் காலம் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பேணும் முறையைக் காண்போம். காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டிற்கு, அதாவது 40 முதல் 45 பாகை செல்சியஸ் அளவிற்கு, ஆற்றுக. மிக்க சூடு நுண்ணுயிரைக் கொல்லும். மிக்க குளிர் அவற்றை உறங்கச் செய்யும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் போதும். மிகுந்தால் புளிப்பும் மிகும். ஜெயங்கொண்டத்துச் சித்திரை வெயிலில் ஐந்தாறு மணியில் உறைவது, மார்கழியில் இரவு முழுதும் கொள்ளும். உறைந்ததும், பிறர் கரண்டி படுமுன், மறுநாளைக்கு வேண்டியதைத் தூய கலத்தில் எடுத்து வைத்தல் வேண்டும். வெளியில் வைப்பதாயின் நாள்தோறும், குளிர்ப்பெட்டியிலாயின் வாரம் ஒருமுறையேனும் புதுப்பால் ஊட்டுக. ஊட்டாது விடின், அவ்வுயிர்கள் ஆக்கிய அமிலமே அவற்றை நலியச் செய்யும். பூஞ்சை பூத்ததை மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்தற்க, முழுதும் எறிந்துவிடுக.

சென்ற கோடை விடுமுறையில், நோயுற்ற பாட்டியாரைக் காணச் சென்ற எம் அன்னையார் உறைமோரை எம்மிடம் ஒப்புவித்தார். நூலில் ஆழ்ந்த யாம் நான்கு நாள் அதனை மறந்தோம். திறந்து பார்த்தபோது பூஞ்சை மூடியிருந்தது. அன்னையார் மணமான நாளில் தம் தாய்வீட்டினின்று கொணர்ந்த உறை அது. அந்நாள் முதல் ஒருநாளும் அற்றதில்லை. மனம் பதைத்து அந்தியில் எதிர்வீட்டு அத்தையாரிடம் ஓடினோம். "விளக்கு வைத்தபின் உறைமோர் கொடுப்பதில்லை, தம்பி. விடியட்டும்" என்றார். விடியலில் தாமே கிண்ணத்தோடு வந்து, "இது உன் அம்மா எனக்குக் கொடுத்ததுதான்" என்றார்.

உறைமோரைக் காக்கும் கலங்களுட் சிறந்தது அயலார் வீடே என்பதை அன்று கற்றோம். ஆதலின், நம் இல்லத்து உறை நன்றாயிருக்கும் நாளிலேயே அயலார்க்கு ஒரு கரண்டி வழங்கி வைப்போமாக.