போக்சோ வழக்கில் குழந்தைக்குத் துணை: உதவி நபர் ஆவது எப்படி?

சமூகப்பணியோ உளவியலோ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறீர்களா? பலருக்குத் தெரியாத, ஆனால் ஆள் கட்டாயம் தேவைப்படுகிற ஒரு பணி இருக்கிறது. போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் புகார் பதிவானதிலிருந்து தீர்ப்பு வரை பாதிக்கப்பட்ட குழந்தையோடும் குடும்பத்தோடும் நிற்கும் 'உதவி நபர்' பணி. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இதை விரிவாகச் சொல்கின்றன. 2023 ஆகஸ்டில் பச்பன் பசாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. குடும்பம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று அரசு இருந்துவிட முடியாது. உதவி நபர் கிடைப்பார் என்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதும், ஆளை ஏற்பாடு செய்வதும் அரசின் கடமை என்றது.

சென்னை அசோக் நகர்வாசிகளுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2021 மே மாதம், கே.கே. நகர்ப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீது முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் பாலியல் புகார்களைச் சொல்லத் தொடங்கியபோது, வழக்குப் பதிவானது அசோக் நகர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில்தான். அதைத் தொடர்ந்து நகரின் வேறு பள்ளிகளிலிருந்தும் புகார்கள் வந்தன. கைது வரை எல்லோரும் கவனித்தோம். அதற்குப் பிறகுதான் குழந்தைக்குக் கஷ்டமான காலமே தொடங்குகிறது.

சட்டத்தில் குறையில்லை. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. நடப்பில் வாய்தா மேல் வாய்தா விழுகிறது. இடையில் சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வருகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டு மனிதராகவே இருந்தால் சொல்லவே வேண்டாம். கடைசியில் குழந்தை பிறழ் சாட்சியாகிறது, வழக்கு சரிகிறது. அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமியின் வழக்கு 2018 ஜூலையில் வெளிவந்தது. கைதானவர்கள் 17 பேர். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. மனது வைத்தால் இந்த ஊரிலேயே ஒன்றரை ஆண்டில் முடியும் என்பதற்கு அது சாட்சி. சாதாரண வழக்கிலும் அந்த வேகம் வர வேண்டுமானால், குழந்தையின் பக்கம் நின்று தேதியை விடாமல் துரத்த ஒருவர் வேண்டும்.

வேலைக்குள் நுழைவது இப்படி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதில் உங்கள் பெயர் ஏற வேண்டும். குழந்தை உரிமைத் துறையில் இயங்கும் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து வருவது எளிய வழி. எம்.எஸ்.டபிள்யூ. படிக்க எழும்பூரில் சென்னை சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது, ஸ்டெல்லா மாரிஸிலும் சமூகப்பணித் துறை உண்டு. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும். குழந்தை, பெற்றோர் சம்மதத்தோடு உதவி நபரை நியமிப்பது அந்தக் குழு. மாதந்தோறும் நீங்கள் அறிக்கை தர வேண்டியதும் அங்கேதான். குடும்பம் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் விலகிவிட வேண்டும்.

சம்பளத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறன்பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் அரசு தர வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். நிறுவனச் சம்பளத்தோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சாட்சியம் சொல்லும் நாள்தான் உங்கள் வேலையின் மையம். அதற்கு முன்பே ஒருநாள் குழந்தையை அழைத்துப்போய் நீதிமன்றத்தைக் காட்டுங்கள். அசோக் நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் உயர் நீதிமன்ற நிலையம். எந்த வாசல், எந்த மாடி, நீதிபதி எங்கே உட்காருவார், கழிப்பறை எங்கே என்று எல்லாம் தெரியட்டும். "அக்கா, அந்த ஆளும் அங்க இருப்பாரா?" என்று குழந்தை கேட்கும். இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். "இருப்பாரும்மா. ஆனா உன் கண்ணுல படாத மாதிரி திரை வைப்பாங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்று சொல்லுங்கள். 36ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. திரை இருக்கிறதா, காணொலி வசதி இருக்கிறதா, குழந்தை நம்புகிற ஒருவர் உடனிருக்க அனுமதி கிடைத்ததா என்று முந்தின வாரமே அரசு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

முதல் நாள் மாலை நீதிமன்றக் காவலருக்கு ஒரு போன் போடுங்கள். மறுநாள் நீதிபதி விடுப்பு, வழக்கறிஞர் புறக்கணிப்பு என்றால் அப்போதே தெரிந்துவிடும். குழந்தைக்கு ஒருநாள் பள்ளி மிச்சம், அம்மாவுக்கு ஒருநாள் கூலி மிச்சம். பள்ளிச் சீருடையில் அழைத்து வராதீர்கள், அடையாளம் தெரிந்துவிடும். சாப்பாடு, தண்ணீர், வரைய ஒரு நோட்டு கையில் இருக்கட்டும். நடைபாதையில் எதிர்த்தரப்பு ஆட்கள் நிற்கிற இடத்தில் காக்கவைக்காமல் தனி அறை கேளுங்கள்.

ஹாலுக்குள் குறுக்கு விசாரணைக் கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் குழந்தைக்கு வர வேண்டும். அதட்டலோ, நடத்தையைக் கொச்சைப்படுத்துவதோ கூடாது. இடைவேளை கேட்கலாம். குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. இத்தனையும் 33ஆம் பிரிவில் உண்டு. மீறல் நடந்தால் நீங்கள் எழுந்து வாதாட முடியாது, அரசு வழக்கறிஞரிடம் உடனே சொல்லலாம். ஆகவே அவரோடு நல்ல பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வது மிக முக்கியம்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. நடந்ததைப் பற்றி நீங்களாகக் கேட்கவே வேண்டாம். "இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். "யாரும் சொல்லித்தரல" என்று குழந்தை உண்மையாகச் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். சொல்லித்தர வேண்டியது வேறு: "புரியல", "தெரியாது", "ஞாபகம் இல்ல" என்று தயங்காமல் சொல்லலாம் என்பதை. எந்த வகுப்பு, பொய் சொல்லலாமா கூடாதா என்று நீதிபதி தொடக்கத்தில் சில கேள்விகள் கேட்பார், பயப்பட வேண்டாம் என்பதையும்.

பணம் சார்ந்த உதவிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாப்பாடு, உடை, போக்குவரத்துக்கு உடனடி உதவித்தொகை வழங்கக் குழந்தைகள் நலக்குழு பரிந்துரைக்கலாம். ஒரு வாரத்தில் பணம் வர வேண்டும். இடைக்கால இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை, வழக்கு நடக்கும்போதே மனு போடலாம். ஜாமீன் மனு, விடுதலை போன்ற ஒவ்வொரு மாற்றத்தையும் குடும்பத்துக்குத் தெரிவிக்கப் போலீஸ் கடமைப்பட்டிருக்கிறது. தகவல் வரவில்லையென்றால் நீங்கள் போய்க் கேளுங்கள். அந்த ஆள் வெளியே வந்துவிட்டதைக் குழந்தை தெருவில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரவே கூடாது.

தீர்ப்போடு கோப்பை மூடிவிடாதீர்கள். நீதிமன்றம் அறிவித்த இழப்பீட்டை, உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு தர வேண்டும். உத்தரவின் நகலை வாங்குங்கள், குழந்தை பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் திறக்க உதவுங்கள், பணம் கணக்கில் ஏறும் வரை சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே இருங்கள்.