தென்காசிக் கிளைக்கு எந்த முகவரி?

அன்புள்ள இளம் நண்பருக்கு,

சிறு கடைகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். கடைக்காரர் எவரும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: "ஊர்ப் பெயரையும் தொழில் பெயரையும் சேர்த்து முகவரி வைத்தால் கூகுளில் முதலாவதாக வந்துவிடுமா?" ஆமாம் என்று தலையாட்டினால் வேலை உடனே கைக்கு வரும். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். தள முகவரியில் ஊர்ப் பெயர் இருப்பதில் தவறில்லை. கிளைகள் உள்ள கடைக்கு அது தேவையும்கூட. ஆனால் அது அங்கே இருக்க வேண்டிய காரணம் வேறு. உண்மையில் இருக்கும் ஒவ்வொரு கிளைக்கும், உண்மையில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பக்கம்; அந்தப் பக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் மாறாத ஒரே ஒரு முகவரி. உள்ளூர்த் தேடலில் முகவரி அமைப்பால் கிடைக்கக்கூடிய நன்மை முழுவதும் இந்த மாறாத தன்மையிலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கடையை வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்று, பழுதும் பார்க்கும் கடை. தென்காசியில் அதற்கு ஒரு கிளை. தென்காசியில் கரண்ட் போன நேரத்தில் ஒருவர் செல்பேசியை எடுத்து "இன்வெர்ட்டர் சர்வீஸ்" என்று தேடுகிறார். ஊர்ப் பெயரை அவர் எழுதக்கூட இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பது தேடுபொறிக்குத் தெரியும். வரைபடத்தோடு மேலே வரும் கடைகளை எதை வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: தேடிய சொல்லுக்குக் கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது. இந்த மூன்றில் தூரத்தை எந்த முகவரியாலும் ஒரு அடி குறைக்க முடியாது. அறியப்படுவது என்பது வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைகள், மற்ற தளங்கள் தரும் இணைப்புகள் இவற்றால் மெல்ல மெல்லச் சேர்வது. மிஞ்சுவது பொருத்தம். அதிலும் முகவரியில் உள்ள சொற்களுக்கு இருக்கும் பங்கு மிகச் சிறியது என்று கூகுளின் ஜான் முல்லர் பலமுறை சொல்லியிருக்கிறார். பக்கத்தின் தலைப்பும் உள்ளே எழுதியிருப்பதும் அதைவிடப் பல மடங்கு பேசும்.

"அப்படியானால் ஊரும் தொழிலுமே டொமைன் பெயராக வைத்திருப்பவர்கள் மேலே நிற்கிறார்களே?" என்று கடைக்காரர் மடக்குவார். கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் அந்த வழி பலித்தது. தேடும் சொல்லையே டொமைனாகப் பதிவுசெய்து, உள்ளே சரக்கில்லாத தளங்கள் மேலே ஏறியதால்தான் 2012 செப்டம்பரில் கூகுள் அதற்கென்றே ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அதன் பிறகும் அப்படிப்பட்ட ஒரு தளம் மேலே நிற்கிறது என்றால், அதன் வயதையும் மதிப்புரைகளையும் அதற்கு வரும் இணைப்புகளையும் எடுத்துப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். தவிர, தொழில் பெயரை டொமைனாக்குவது கடையைக் கட்டிப்போடுவதாகும். இன்று பேட்டரி விற்பவர் நாளை சோலார் பலகையும் விற்பார். கடையின் பெயரையே டொமைனாக வையுங்கள். கடைப் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர்தான் ஒரு கடைக்குக் கிடைக்கக்கூடிய மிக உறுதியான வாடிக்கையாளர்.

அடுத்து வரும் ஆசை ஊருக்கு ஒரு பக்கம். கடையநல்லூர், சங்கரன்கோவில், புளியங்குடி, ஆலங்குளம், செங்கோட்டை என்று வரிசையாகப் பக்கங்கள் போட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே பத்தியை ஒட்டிவிடலாம்; ஒரே மாலையில் முடிகிற வேலை. குறிப்பிட்ட ஊர்களைக் குறிவைத்துப் பல பக்கங்களோ டொமைன்களோ அமைத்து எல்லோரையும் ஒரே இடத்துக்குத் தள்ளிவிடுவதை கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. "எங்கள் மெக்கானிக் உண்மையாகவே கடையநல்லூருக்குப் போகிறாரே?" என்று கேட்டால், போகட்டும், அதைத் தென்காசிக் கிளையின் பக்கத்தில் எழுதுங்கள். எந்தெந்த ஊருக்கு எந்த நாளில் வருவார், போக்குவரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று எழுதினால் அந்த ஒரு பக்கமே கனமாகும். கடையநல்லூர் என்ற சொல்லை நீக்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் அந்த ஊருக்கு மட்டுமே உரிய செய்தி ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சினால் தனிப் பக்கம் கொடுங்கள். மிஞ்சாவிட்டால் வேண்டாம்.

இப்போது பாதைக்கு வருவோம், அதாவது டொமைனுக்குப் பின்னால் சாய்கோடுகளோடு வரும் பகுதிக்கு. இளம் வடிவமைப்பாளர்கள் மிகுந்த அக்கறையோடு தவறு செய்வது இங்கேதான். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் மாநிலம், மாவட்டம், ஊர், தொழில் என்று அடுக்குகிறார்கள். 2018-இல் நம் கடைக்குத் தளம் அமைத்த ஒருவர் தென்காசிக் கிளைக்கு "தமிழ்நாடு / திருநெல்வேலி / தென்காசி / இன்வெர்ட்டர்" என்று பாதை போட்டிருப்பார். (முகவரிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருப்பவை, இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.) அன்றைக்கு அது சரி. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. அதே ஆண்டு கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும் தனி மாவட்டங்களாயின, 2020-இல் மயிலாடுதுறை. ஒரு கடையும் இடம் பெயரவில்லை, ஆனால் மாவட்டத்தைப் பாதையில் வைத்திருந்த முகவரிகள் எல்லாம் பொய்யாகிப் போயின. அப்படியே விட்டால் முகவரி தவறான செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும்; மாற்றினால் அதுவரை சேர்ந்த இணைப்புகள் அறுபடும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். முகவரியில் எவற்றை எழுதக் கூடாது என்று அவர் எண்ணிச் சொன்னவற்றில் கோப்பின் பின்னொட்டும் மென்பொருளின் அடையாளமும் இருந்தன. பொருள்வாரியாக வகைப்படுத்தி அடுக்குவதையும் அவர் எச்சரித்திருந்தார், ஏனென்றால் நாம் உலகைப் பிரித்து வைக்கும் விதம் காலத்தோடு மாறிவிடும். மாவட்ட எல்லைக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடையாது. எனவே "கடைப்பெயர் டாட் இன் / தென்காசி" என்று நிறுத்துங்கள். போதும்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதும் சின்ன விஷயமில்லை. தூத்துக்குடிக்கும் திருச்சிக்கும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டு புழக்கத்தில் உண்டு. மயிலாடுதுறைக்காரர் பலர் இன்னும் மாயவரம் என்றே சொல்கிறார்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூரும் அந்தப் பட்டியலில் இருந்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆணையைக் கண்டதும் முகவரிகளை மாற்றியிருந்தால் ஒரே மாதத்தில் இரண்டு முறை மாற்றியிருக்க வேண்டும். இரண்டு எழுத்துக்கூட்டும் ஒரே ஊர் என்று தேடுபொறி அறியும்; அதற்காக இரண்டு பக்கம் வேண்டாம். கடைப் பலகையிலும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலிலும் எந்த எழுத்துக்கூட்டு இருக்கிறதோ அதையே முகவரியிலும் வையுங்கள். பழைய பெயரால் தேடுகிறவருக்காகப் பக்கத்தின் உள்ளே ஒரு வரியில் அந்தப் பெயரும் வரட்டும்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தமிழ் மேல் அக்கறை உள்ளவர் கேட்க வேண்டிய கேள்விதான். வாசகரின் மொழியிலேயே முகவரிச் சொற்கள் இருக்கலாம் என்று கூகுளும் பரிந்துரைக்கிறது. தடை அங்கே இல்லை. தடை நாம் அன்றாடம் கையாளும் கருவிகளில் இருக்கிறது. முகவரிக்குள் போகும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக 9 எழுத்தாக விரிகிறது. தென்காசி என்பதில் புள்ளியும் கொம்பும் காலும் கொக்கியும் சேர 8 குறியீடுகள். அது 72 எழுத்தாகிறது. அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பெறுபவர் பல நேரம் பார்ப்பது இந்த 72 எழுத்துக் கோவையைத்தான். பார்த்ததும் ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுவார். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் பெயருக்கு 200 எழுத்து இடம்தான் ஒதுக்குகிறது. "தென்காசி இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ்" என்று தலைப்பிட்டு, முகவரியை அதுவே உருவாக்கட்டும் என்று விட்டுவிட்டால், தென்காசிக்கு 72, இன்வெர்ட்டருக்கு 108, நடுவில் இரண்டு ஹைஃபன், மீதம் 18. பேட்டரியில் முதல் எழுத்தான "பே" மட்டும் உள்ளே நுழையும். அங்கேயே முகவரி அறுந்துவிடும். இந்த நிலை மாற வேண்டும், மாற்றச் சொல்லி நாம் கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தப் போராட்டத்தின் செலவை ஒரு பேட்டரிக் கடைக்காரர் தலையில் சுமத்துவது நியாயமல்ல. முகவரி ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருக்கட்டும். தலைப்பும் பத்தியும் விலைப்பட்டியலும் நல்ல தமிழில் இருக்கட்டும். தமிழில் தேடுகிறவரை அழைத்து வருவது அந்தப் பத்திகளே.

மற்ற தொழில்நுட்ப விதிகளை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள்: சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வேண்டாம், ஹைஃபன் போதும், கேள்விக்குறியும் எண்ணும் வரும் முகவரி வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாதுகாப்புக் குறியோடும் இல்லாமலும், முன்னால் மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும் ஒரே தளம் நான்கு முகவரிகளில் திறக்கும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்ற மூன்றையும் அதற்கே திருப்பிவிடுங்கள். பிசினஸ் ப்ரொஃபைலில் தென்காசிக் கிளைக்குக் கொடுக்கும் இணைப்பு முகப்புப் பக்கத்துக்குப் போக வேண்டாம். தென்காசிப் பக்கத்துக்கே போகட்டும். தொலைபேசி எண், கதவு எண், திறக்கும் நேரம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கனமானது: "இந்தக் காலத்தில் முகவரியை யார் பார்க்கிறார்கள்?" உண்மைதான். 2025 ஜனவரி முதல் செல்பேசித் தேடல் முடிவுகளில் கூகுளே பாதையைக் காட்டுவதில்லை; டொமைன் மட்டும்தான் தெரிகிறது. மனிதர் கண்ணுக்கு முகவரி மறைந்துகொண்டு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அதன் வேலை குறைந்துவிடவில்லை. ஒரு கடையின் முகவரி பில் புத்தகத்திலும் விசிட்டிங் கார்டிலும் கல்லாவில் ஒட்டிய க்யூஆர் கட்டத்திலும் டெலிவரி வண்டியின் முதுகிலும் அச்சாகி நிற்கிறது. இன்வெர்ட்டர் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து ஐந்தாண்டு கழித்து ஒருவர் தேடி வருவார். அச்சடித்த தாளைத் திரும்ப அழைக்க வழியில்லை. பிசினஸ் ப்ரொஃபைலோடு சேர்த்து கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சிறு தளங்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்: 2024 மார்ச்சில் அவை நிறுத்தப்பட்டன, பழைய முகவரிக்கு வந்தவர்களை ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் அந்த ஆண்டு ஜூன் 10 வரைதான் இருந்தது. அந்த முகவரியைப் பலகையில் எழுதி வைத்தவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. முகவரி அவர்களுடையதாக இருக்கவில்லை, அவ்வளவுதான். இன்ஸ்டாகிராம் பக்கம் போதுமே என்று சொல்லும் கடைக்காரருக்கும் இதையே எடுத்துச் சொல்லுங்கள்.

முகவரியை மாற்றியே தீர வேண்டிய நிலையும் வரும். கடை கைமாறும், இரண்டு கிளை ஒன்றாகும். அப்போது பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பலால் அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிடுவது சோம்பல். அந்தத் திருப்பலைக் குறைந்தது 1 ஆண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அது தேடுபொறியின் தேவைக்கு. ஸ்டிக்கரின் ஆயுள் அதைவிட நீளம். தளம் இருக்கும்வரை திருப்பலும் இருக்கட்டும்.

தளத்தை ஒப்படைக்கும் நாளில் மூன்றைச் செய்துவிட்டு விடைபெறுங்கள். டொமைன் உங்கள் பெயரில் இல்லாமல் கடைக்காரர் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கட்டும். அதைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை அவர் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள். எல்லாப் பக்கங்களின் முகவரியையும் ஒரு தாளில் அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தத் தளத்தைத் தொடப்போகிறவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்த ஒருவர்